சிமெண்ட் விளைந்த குன்று

வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம் கவுண்டியில், லார்ன் என்னும் துறைமுக நகரத்துக்கு வடமேற்கே, ஸ்காட் ஹில் என்றொரு குன்று உள்ளது. (நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழில் எழுதும்போது இரண்டு பெயர்களும் ஒன்றாகிவிடுகின்றன, அவ்வளவுதான்.) உயரம் 400 மீட்டருக்கும் குறைவு. சரிவெங்கும் புல், ஆடுகள் மேயும். உச்சியில் கருத்த பாறை துருத்திக்கொண்டு நிற்கும். தெளிந்த நாளில் கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் கரை தெரியும். அதே கவுண்டியின் வடகரையில்தான் உலகறிந்த ஜயண்ட்ஸ் காஸ்வே இருக்கிறது: பசால்ட் பாறை உறைந்து வெடித்து உண்டான சுமார் 40,000 தூண்கள், 1986 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். பயணிகள் அங்கே போகிறார்கள். ஸ்காட் ஹில்லுக்கு வருபவர்கள் நெடுந்தொலைவு நடக்கும் பழக்கமுள்ளவர்களும் கனிமவியலாளர்களும் மட்டுமே.

ஆயினும் இக்குன்றும் சட்டத்தின் காவலில் உள்ளது. ‘சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உடைய பகுதி’ என்பது அங்கு அதற்குரிய வகைப்பாடு. குன்றின் ஓரத்தில் கருத்த எரிமலைப் பாறையும் வெள்ளைச் சுண்ணப் பாறையும் ஒன்றையொன்று தொடும் ஒரு குறுகிய விளிம்புதான் காக்கப்படும் பொருளின் சாரம். அந்த விளிம்பில் கிடைக்கும் கனிமங்களைப் பற்றியே இக்கட்டுரை. இலக்கியப் பக்கத்தில் கனிமவியலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கனிமங்களுள் முதன்மையானவை சிமெண்ட்டின் கனிமங்கள். நாம் நாற்பது ஐம்பது ஆண்டுகளாகக் கவிதையில் வசைச்சொல்லாகப் பயன்படுத்தி வரும் அதே சிமெண்ட்.

குன்றின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரேட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் இன்றைய ஆண்ட்ரிம் ஒரு கடலடி. நுண்ணிய பாசிகளின் சுண்ண ஓட்டுத் துகள்கள் மழைபோல இடைவிடாது வீழ்ந்து படிந்து வெண்சுண்ணப் பாறை ஆயின. அக்கடலில் வாழ்ந்த பஞ்சுயிரிகளின் உடற்கூட்டில் இருந்த சிலிக்கா கரைந்து, மீண்டும் திரண்டு, அப்பாறைக்குள் சிக்கிமுக்கிக் கல் உருண்டைகளாக உறைந்தது. பிறகு, சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அட்லாண்டிக் பெருங்கடல் பிளந்து விரியத் தொடங்கிய காலத்தில், நிலம் கிழிந்து எரிமலைக் குழம்பு பரவியது. ஆண்ட்ரிம் பீடபூமி முழுவதும் அந்தக் குழம்பு உறைந்த பசால்ட்தான். ஸ்காட் ஹில் அக்காலத்து எரிமலைக் குழாய் ஒன்றின் உள்ளீடு. குழாயில் ஏறிய குழம்பு மேலே வழிந்தோடாமல் உள்ளேயே நின்று டோலரைட் பாறையாக இறுகிற்று. சுற்றியிருந்த மெல்லிய பாறைகளை மழையும் பனியாறுகளும் அரித்துச் சென்றன. அடைப்பு மட்டும் நின்றது.

குழாயில் குழம்பு நின்ற காலத்தில் அதன் சுவராக இருந்தது வெண்சுண்ணப் பாறை. அது வெந்தது.

சுண்ணாம்புக்கல்லும் சிலிக்காவும் நிலத்தின் ஆழத்தில் சேர்ந்து வெந்தால் பெரும்பாலும் வொல்லாஸ்டனைட் என்ற கனிமம் விளையும். அத்துடன் வினை நின்றுவிடும். சுண்ணத்திலிருந்து பிரியும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் மேலே ஏறுவதைத் தடுக்கிறது. அதற்கும் மேலான படிகளைத் தொட வேண்டுமானால் வெப்பம் மிக உயர்ந்திருக்க வேண்டும். கூடவே, வாயு தப்பிச் செல்லும் அளவுக்கு இடம் நிலப்பரப்புக்கு அருகில் இருக்க வேண்டும். உலகில் இவ்விரண்டும் ஒன்றுகூடும் இடங்கள் குறைவு. ஸ்காட் ஹில்லில் கூடின. இந்தப் படிகளை பாறையியலாளர் போவன் 1940இல் வரிசைப்படுத்தினார். வெப்பம் ஏற ஏற ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் பத்துக் கனிமங்கள். அவற்றை நினைவில் வைக்க ஆங்கிலத்தில் ஒரு சிறு வாய்பாடு உண்டு. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்துகளும் ஒரு கனிமத்தைச் சுட்ட, மொத்தமும் அச்சமூட்டும் ஓர் ஈரடிப் பாட்டாக ஒலிக்கும். மருத்துவத்தையும் கணக்கையும் செய்யுளில் கட்டிப் பாதுகாத்த மொழியில் வளர்ந்த நமக்கு இந்தத் தந்திரம் புதியதல்ல. அப்பாட்டின் இறுதிச் சொல், அதாவது இறுதிப் படி, லார்னைட். பெயர் லார்ன் நகரத்தினுடையது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1894இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த சிசில் எட்கர் டில்லி என்பவர் லார்னைட்டை 1929இல் விவரித்தார். சுண்ணம் இரண்டு பங்கு, சிலிக்கா ஒரு பங்கு சேர்ந்த கூட்டுப்பொருள் அது. அத்துடன் அவர் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு குன்றின் பெயராலேயே ஸ்காட்டைட். 1933இல் போர்ட்லண்டைட். 1934இல் வேறு இருவருடன் சேர்ந்து ஹைட்ரோகாலுமைட். 1942இல் ரான்கினைட். 1948இல் இன்னொரு ஆய்வாளருடன் பிரெடிகைட். ஒரே குன்றின் விளிம்பிலிருந்து, இருபது ஆண்டுகளுக்குள், அதுவரை இயற்கையில் எவரும் கண்டிராத ஆறு கனிமங்கள். இவற்றுள் பெரும்பாலானவை வெறுங்கண்ணுக்குத் தெரியாத மணிகள். பாறையைத் தாள்போல மெலிதாகச் சீவி, ஒளி ஊடுருவும்படி செய்து, நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். குன்றின்மேல் நிற்பவர் கண்ணுக்குச் சாம்பல் நிறப் பாறை ஒன்றுதான்.

இனிச் சிமெண்ட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் லீட்ஸைச் சேர்ந்த கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் தம்முடைய சிமெண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இறுகியபின் அது போர்ட்லண்ட் தீவில் வெட்டியெடுக்கப்படும் உயர்ந்த கட்டடக் கல்லைப் போலிருக்கும் என்று சொல்லி ‘போர்ட்லண்ட் சிமெண்ட்’ எனப் பெயரிட்டார். வணிகத் தந்திரம்தான், ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்துச் சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வரை சுடுகிறார்கள். வெளிவரும் கரிய உருண்டைகளுக்கு கிளிங்கர் என்று பெயர். அதை அரைத்துச் சிறிது ஜிப்சம் சேர்த்தால் சிமெண்ட். கிளிங்கருக்குள் என்ன இருக்கிறது என்று நுண்ணோக்கியில் முதலில் கூர்ந்து பார்த்தவர்களுள் ஒருவர் டோர்னபோம் என்ற சுவீடன் நாட்டு நிலவியலாளர். அங்கே கண்ட மணிகள் என்னவென்று அவருக்கு வேதியியல் அடிப்படையில் தெரியவில்லை. ஆகவே 1897இல் ஆங்கில நெடுங்கணக்கைக் கொண்டு ஏ, பி, சி என்று அலைட், பெலைட், செலைட் எனப் பெயரிட்டார். கைதிகளுக்கு எண் கொடுப்பதைப்போல.

அந்தப் பெலைட்டும் இந்த லார்னைட்டும் ஒன்றே. ஆலையின் பெலைட்டில் வேறு தனிமங்கள் சிறிது கலந்திருக்கும். மற்றபடி ஒரே கூட்டு, ஒரே அணுக்கட்டு. 1897இல் சூளையில் ஓர் எழுத்தைப் பெயராகப் பெற்ற பொருளுக்கு, 1929இல் குன்றில் ஓர் ஊரின் பெயர் கிடைத்தது. அவ்விடைப்பட்ட 32 ஆண்டுகளில் அதைச் செயற்கைப் பொருள் என்று ஒருவர் எழுதியிருந்தால் குறை சொல்ல இயலாது. ஆனால் 6 கோடி ஆண்டுகளாக அது அங்கே இருந்துகொண்டுதான் இருந்தது.

சிமெண்ட்டுக்குள் அதன் இயல்பையும் சொல்ல வேண்டும். அலைட் தண்ணீர் பட்டதும் விரைந்து இறுகும். தளம் போட்ட சில நாட்களில் கிடைக்கும் வலிமை அதனுடையது. பெலைட் மெதுவாக இறுகும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கட்டடம் பெறும் வலிமை அதனுடையது. அதைத் தவறாக ஆறவிட்டால் வேறொன்று நிகழும். அணுக்கட்டு மாறிப் பருமன் பத்து விழுக்காட்டுக்கும் மேல் பெருத்து, திடமான கட்டி தானே பொடியாக உதிர்ந்துவிடும். ஆலையில் அதைத் தடுத்து நிறுத்துவது, கிளிங்கரை விரைந்து குளிர்விப்பதும் அதில் கலந்திருக்கும் சிறு மாசுகளும். தூய்மைவாதிகள் கவனிக்கலாம்.

போர்ட்லண்டைட்டின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. சிமெண்ட் தண்ணீருடன் வினைபுரியும்போது உண்டாகும் துணைப்பொருள் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதே பொருள் இயற்கையில் ஸ்காட் ஹில்லில் கிடைத்ததால் டில்லி அதற்குச் சிமெண்ட்டின் பெயரையே வைத்தார். ஒரு தீவின் பெயர் கல்லுக்குப் போய், கல்லின் பெயர் ஆலைப் பொருளுக்குப் போய், ஆலைப் பொருளின் பெயர் மீண்டும் ஒரு மலைக்கனிமத்தின் மேல் வந்து அமர்ந்தது. சொற்பொருள் மாற்றத்துக்கு வகுப்பில் எடுத்துக்காட்டுத் தேடும் நண்பர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

கால்சியம் ஹைட்ராக்சைடு என்றதும் ஏதோ ஆய்வகப் புட்டி என்று எண்ண வேண்டாம். அது நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலைச் செல்லத்தில் கரண்டகத்துக்குள் இருப்பது. பொங்கலுக்குச் சுவரில் அடித்தது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீரூற்றி, அது கொதித்துப் பொங்கிப் பொடியாவதைப் பார்த்தவர்கள் போர்ட்லண்டைட் பிறப்பதைப் பார்த்தவர்கள். பழந்தமிழில் ‘நூறு’ என்ற சொல்லுக்குப் பொடி என்றும் சுண்ணாம்பு என்றும் பொருள் உண்டு. நீறு, நீற்றுதல் ஆகியவை இன்றும் புழக்கத்தில் உள்ளன. நம் கைக்கு இவ்வளவு பழகிய பொருள் நிலத்தில் தானாகக் கிடைப்பது ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது? காரணம் எளிது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக்கல் ஆகிவிடும். கரண்டகத்தில் காய்ந்துபோன சுண்ணாம்பு காரம் இழப்பது இதனால்தான். கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் கல்லாக இறுகி நூற்றாண்டுகள் நிற்பதும் இதனால்தான். ஸ்காட் ஹில்லில் அது பிழைத்திருப்பது பாறையின் உட்புறத்தில், காற்றுப் படாத இடங்களில்.

கோபுரத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களிடம் தம் ஊரைப் பற்றி எழுதச் சொல்வது என் வழக்கம். எழுதுபவர்களில் பாதிப் பேருக்கு இரண்டாம் பத்தியில் ‘கான்கிரீட் காடு’ வந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் படித்த புதுக்கவிதைகளிலும் தலையங்கங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இருப்பதையே எழுதுகிறார்கள். அத்தொடருக்குப் பின்னால் ஒரு முழுமையான உலகப் பார்வை இருக்கிறது: மண், மரம், கல், சுதை ஒரு பக்கம், சிமெண்ட் மறுபக்கம். முன்னது இயற்கை, பின்னது செயற்கை. முன்னது ஈரம், பின்னது வறட்சி. முன்னது உறவு, பின்னது அந்நியம். இந்த எதிர்நிலையைத் தாங்கும் பொருள் சார்ந்த அடிப்படை எதுவும் இல்லை என்பதே என் வாதம். சுதையும் சிமெண்ட்டும் ஒரே சுண்ணத்தின் பிள்ளைகள். கோபுரத்து யாளியைச் செய்த பொருளும் அடுக்குமாடித் தூணுக்குள் இருக்கும் பொருளும் ஆண்ட்ரிம் குன்றில் அடுத்தடுத்த மணிகளாக, மனிதன் தோன்றுவதற்கு முன்பே, அருகருகே அமர்ந்திருக்கின்றன.

சிமெண்ட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். சிமெண்ட்டின் மேல் சுமத்த வேண்டிய குற்றச்சாட்டு மிகக் கடுமையானது. உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் செய்கிறது. மனிதச் செயலால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு இதிலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பாதி, எரிபொருளால் வருவது அன்று. சுண்ணாம்புக்கல் தனக்குள் பூட்டி வைத்திருந்த வாயு சூளையில் விடுபடுவதால் வருவது. ஆகவே நிலக்கரியை நிறுத்தினாலும் இது நிற்காது. இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஸ்காட் ஹில்லும் இதையே செய்தது. லார்னைட் விளைந்தபோது அந்த வெண்பாறையும் தன் வாயுவை விட்டது. வேதியியல் ஒன்றே, வேறுபாடு அளவிலும் விரைவிலும். எரிமலைக் குழாயின் ஓரத்தில் சில மீட்டர் அகலத்துக்கு ஒருமுறை நிகழ்ந்ததை நாம் நாள்தோறும் மலை மலையாக நிகழ்த்துகிறோம். சிமெண்ட் இயற்கைக்கு அந்நியமானது என்பதல்ல நம் சிக்கல். ‘செயற்கை’ என்ற வசை, டன் கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் உணர்ச்சியைக் கேட்கிறது. வசைபாடிவிட்டு அதே சிமெண்ட் வீட்டின் மாடியில் அமர்ந்து அடுத்த கவிதையை எழுதலாம். கணக்குக் கேட்டால் அது அவ்வளவு எளிதன்று.

இதே பார்வைதான் எதைக் காக்க வேண்டும் என்ற கேள்வியிலும் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. ஒரு மலையைக் காக்கக் கேட்கும்போது நம் எழுத்தாளர்கள் கையாளும் நியாயங்கள் மூன்று: அழகு, தெய்வம், நினைவு. மூன்றும் மதிப்புக்குரியவையே. ஆனால் ஸ்காட் ஹில்லின் அந்த விளிம்புக்கு மூன்றும் பொருந்தாது.

அழகே இல்லையா என்றால், இருக்கிறது. ஹைட்ரோகாலுமைட்டை டில்லியுடன் சேர்ந்து விவரித்த இருவருள் ஒருவர் ஹெலன் மெகா. டப்ளினில் 1907இல் பிறந்து, எக்ஸ்ரே கொண்டு படிகங்களின் அணுக்கட்டைக் கண்டறிவதில் பெயர் பெற்றவர். படிகங்களின் அணு வரைபடங்களைப் பார்த்து அவற்றைத் துணிகளிலும் சுவர்த்தாள்களிலும் அச்சிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1951இல் நடந்த பிரிட்டன் திருவிழாவுக்காக அவர் அறிவியல் ஆலோசகராக இருந்து வழிநடத்த, பல நிறுவனங்கள் திரைச்சீலைகளிலும் பீங்கான்களிலும் அவ்வடிவங்களைப் பதித்தன. அவற்றுள் ஒன்று ஆஃப்வில்லைட் என்னும், சுண்ணமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த கனிமத்தின் கட்டமைப்பு. சிமெண்ட்டுக்கு உறவான இனம். நம் கோலங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வரைபடங்கள் அந்நியமாகத் தோன்றுவதில்லை. இருந்தும் அது எக்ஸ்ரேக்குத் தெரியும் அழகு. அதை நம்பி ஒரு குன்றைக் காக்கக் கேட்டால் எந்த அரசும் கையெழுத்திடாது.

காக்கப்படுவதன் காரணம் வேறு. அந்தக் குன்று ஒரு சான்று. மீண்டும் மீண்டும் சென்று கேள்வி கேட்கக்கூடிய சான்று. 1930களில் டில்லியும் ஹார்வுட்டும் அங்கே கேட்ட கேள்வி ஒருவகை. எரிமலைக் குழம்பு சுண்ணப் பாறையைக் கரைத்து உட்கொண்டால் குழம்பின் இயல்பே மாறுமா என்பது அக்காலப் பாறையியலின் பெரிய சச்சரவு. சிறிய அளவிலேனும் மாறுகிறது என்பதற்கு அந்த விளிம்பு சான்றளித்தது. அரை நூற்றாண்டு கழிந்து முற்றிலும் வேறொரு கேள்வியுடன் வந்தார்கள். அணு உலைக் கழிவைச் சிமெண்ட்டில் பொதிந்து நிலத்தடியில் புதைத்தால், பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சிமெண்ட் என்னவாகும்? ஆய்வகத்தில் ஐம்பது ஆண்டு கூடக் காத்திருக்க இயலாது. ஆஸ்ப்டினின் சிமெண்ட்டுக்கு வயது இன்னும் 250 கூட ஆகவில்லை. சிமெண்ட்டின் கனிமங்கள் நிலத்தடி நீரில் ஊறியபடி யுகக்கணக்கில் கிடக்கும் இடத்தைத்தான் தேட வேண்டும். ஜோர்டானின் மக்காரின் அத்தகைய இடம்; ஆண்ட்ரிம் மற்றொன்று. லார்னைட் நீரேற்று எதுவாக மாறியிருக்கிறது, எவ்விடத்தில் மாறாமல் நிற்கிறது என்பதை அந்தப் பாறையே எழுதி வைத்திருக்கிறது. டில்லி சுத்தியலுடன் ஏறிய நாளில் அணு உலை என்ற சொல்லே கிடையாது. இக்கேள்வி வரும் என்று அவர் எண்ணியிருக்கவும் முடியாது. நாளை எந்தக் கேள்வி வரும் என்று நமக்கும் தெரியாது. ஒரு சுவடியை, அதில் என்ன இருக்கிறது என்று முழுவதும் படித்து முடிப்பதற்கு முன்பே காக்கிறோம் அல்லவா? உ.வே.சா.வின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்த்துறையினருக்கு இந்த நியாயத்தை விளக்கத் தேவையிருக்காது என்று நம்புகிறேன்.

சேகரிப்பாளர்களின் ஆர்வமும் இங்கே எல்லைக்குட்பட வேண்டியதாகிறது. விளிம்பு குறுகியது, ஒவ்வொரு சுத்தியல் அடியும் கழித்தல் கணக்கு. பிளந்த பாறைக்குள் காற்றுப் புகுந்தால் போர்ட்லண்டைட் சுண்ணாம்புக்கல்லாகத் தொடங்கிவிடும்.

ஆனால் எதிர்ப்பக்க உண்மை ஒன்றையும் மறைக்கக் கூடாது. கலிபோர்னியாவின் ரிவர்சைடு அருகே கிரெஸ்ட்மோர் என்ற இடம் இருக்கிறது. எரிமலைக் குழாய் இல்லை. ஆழத்தில் உறைந்த பாறையும் சுண்ணப் பளிங்கும் தொட்டுக்கொண்ட இடம். போவனின் பட்டியலிலுள்ள மெர்வினைட் 1921இல் முதலில் விவரிக்கப்பட்டது அங்கிருந்துதான். டில்லியைச் சிறப்பிக்கும் டில்லியைட் என்ற கனிமமும் அங்கிருந்து 1933இல் வந்தது. கிரெஸ்ட்மோர் சிமெண்ட்டுக்காக வெட்டப்பட்ட சுரங்கம். வெட்டாமல் இருந்திருந்தால் அக்கனிமங்கள் வெளிவந்திரா. வெட்டிக்கொண்டே போனதால் அவை வெளிப்பட்ட பாறை முகங்கள் நில்லாமல் மறைந்தும் போயின. சிமெண்ட்டின் உறவினரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் சிமெண்ட்தான். கண்டவற்றைக் கடந்து போனதும் சிமெண்ட்தான். ‘வெட்டவே கூடாது’ என்ற முழக்கம் இந்த இடத்தில் பயன்படாது. எதை வெட்டுகிறோம், எந்த முகத்தை விட்டுவைக்கிறோம் என்று கேட்கும் பொறுமையே பயன்படும்.

அரியலூரை நினைக்காமல் இதை எழுத என்னால் முடியவில்லை. ஆண்ட்ரிம் வெண்சுண்ணம் படிந்த காலமும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் படிந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் கிரேட்டேசியஸின் பிற்பகுதிக் கடலடிகள். ஆண்ட்ரிமில் அந்தக் கடலடியை எரிமலை சுட்டு லார்னைட் ஆக்கியது. அரியலூரில் ஆலைகள் சுட்டுப் பெலைட் ஆக்குகின்றன. சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் செறிந்த அப்படிவுகளை பிளான்ஃபோர்டு ஆராய்ந்து 1862இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அன்று முதல் உலக நிலவியலாளர்களுக்கு அவ்வட்டாரம் தெரியும். தமிழ் எழுத்தாளர்களுக்கு, ஒருசிலர் நீங்கலாக, அது லாரிகளும் புழுதியும் நிறைந்த வழி. பக்கத்தில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லான மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்தில், வேலிக்குள் காக்கப்படுகிறது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குத் தெரிவித்தது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள், போக வேண்டும். மரம் மரமாகத் தெரிகிறது, ஆகவே வேலி கிடைத்தது. உருவமில்லாத சிப்பிப் படிவுக்கு வேலி கேட்க எவரும் இல்லை.

ஆலையை மூடச் சொல்லவில்லை. எடுத்து முடித்த குழிகளை மூடுவதற்கு முன், சிப்பிப் படிவு தெளிவாகத் தெரியும் ஒரு சுவரை, முப்பது நாற்பது மீட்டர் அகலத்துக்கு, மண் தள்ளாமல் விட்டுவைக்கலாம். செலவு மிகாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நிலவியல் துறையினர் மட்டுமே என்று நாம் ஒதுங்கியிருப்பது ஏன் என்று புரியவில்லை. கான்கிரீட் காட்டைத் திட்டச் செலவழித்த தாளில் நூற்றில் ஒரு பங்கு போதும், அந்தக் கடிதங்களை எழுத.

வரும் கல்வியாண்டில் எங்கள் துறை மாணவர்கள் சாத்தனூருக்குப் போகிறார்கள். திரும்பும் வழியில் கைவிடப்பட்ட ஒரு குழியருகே பேருந்தை ஒரு மணிநேரம் நிறுத்த அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். உருப்பெருக்கிக் கண்ணாடிகளை விலங்கியல் துறை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறது.